பேர் வைத்த பெருமக்களுக்கு

டெட்ராய்ட் நகரத்தில் உட்கார்ந்து கார்களுக்குப் பேர் வைத்த பெருமக்களே, உங்களைப் பாராட்டி நாலு வார்த்தை எழுத வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை. என்ஜினை வடித்தவரைப் புகழ்கிறார்கள், வளைவுகளை வரைந்தவரைப் புகழ்கிறார்கள். பேர் வைத்தவரை யாரும் நினைப்பதில்லை. ஆனால் என்ஜின் துருப்பிடித்து, தகடு இற்று, கார் காயலான் கடைக்குப் போன பிறகும் மிஞ்சி நிற்பது நீங்கள் வைத்த பேர்தான்.

போன தை மாதம் சென்னையில் பழைய கார்களின் அணிவகுப்பு ஒன்றுக்குப் போயிருந்தேன். வரிசையின் கடைசியில் ஒரு பாண்டியாக் சீஃப்டன் நின்றது. 1950-களின் தொடக்கத்தில் வந்த வண்டி. பானெட்டின் நடுவே வெள்ளிக் கோடுகள் ஓடுகின்றன. அவை தொடங்கும் இடத்தில், காரின் நெற்றியில், ஒரு மனிதத் தலை. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் அளவு. முகம் தேன் நிறத்துப் பிளாஸ்டிக். அதற்குப் பின்னால் காற்றில் பறப்பதுபோல் குரோமியம். கூரிய மூக்கு, இறுக மூடிய வாய். காருக்குச் சொந்தக்காரர் எழுபதைத் தாண்டியவர். நான் குனிந்து பார்ப்பதைக் கண்டதும், "இருங்க தம்பி, லைட்டைப் போடறேன்" என்று ஜன்னல் வழியே கையை விட்டு ஒரு குமிழை இழுத்தார். வெயிலில் ஒன்றும் தெரியவில்லை. அவரே முன்னால் வந்து இரண்டு கைகளையும் குவித்து அந்தத் தலைக்கு நிழல் பிடித்தார். "இப்பப் பாருங்க." முகம் உள்ளிருந்து எரிந்தது, அகல் சுடர்போல மஞ்சளாக. "ராத்திரி ஹெட்லைட் போட்டா இவரும் எரிவாரு" என்றார். 'இவர்' என்று அவர் மரியாதையோடு சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. அவரிடம் கேட்டுக்கொண்டு ஸ்டீயரிங்குக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். அங்கிருந்து முகம் தெரியாது. பின்னந்தலைக் குரோமியம் மட்டும் தெரியும்.

அந்த முகத்துக்கு உரியவரை நீங்கள் மறந்துவிடவில்லை. உங்களுக்கு என் முதல் பாராட்டு அதற்குத்தான்.

பாண்டியாக் ஒடாவா மக்களின் போர்த்தலைவர். பிரெஞ்சுக்காரர்கள் தோற்று, அவர்களுடைய கோட்டைகள் ஆங்கிலேயர் கைக்கு மாறிய நேரம். பூர்வகுடிகளுக்குத் தோழமையின் அடையாளமாகக் கொடுத்துவந்த வெடிமருந்தையும் ஈயத்தையும் ஆங்கிலேயத் தளபதி ஆம்ஹர்ஸ்ட் நிறுத்தினார். அது இல்லாமல் வேட்டை இல்லை. வேட்டை இல்லாமல் அடுப்பு எரியாது. 1763 ஏப்ரல் 27-ஆம் தேதி, டெட்ராய்ட்டுக்குத் தெற்கே எக்கோர்ஸ் ஆற்றங்கரையில், பாண்டியாக் தம் மக்களையும் அக்கம்பக்கத்து இனத்தாரையும் கூட்டிவைத்துப் பேசினார். மே மாதம் டெட்ராய்ட் கோட்டையை வளைத்தார். அக்டோபர் கடைசிவரை முற்றுகை நீடித்தது. அந்தப் போரில் வேறு எட்டுக் கோட்டைகள் விழுந்தன. பிட் கோட்டையில், பேச வந்த பூர்வகுடித் தூதர்களுக்கு அம்மை ஆஸ்பத்திரியிலிருந்து எடுத்த போர்வைகளைக் கொடுத்து அனுப்பினார்கள் ஆங்கிலேயர்கள். 1766-இல் பாண்டியாக் சமாதானம் செய்துகொண்டார். 1769-இல் கஹோக்கியா என்ற ஊரில் கொல்லப்பட்டார். அவர் எங்கே புதைக்கப்பட்டார் என்று இன்றுவரை உறுதியாக யாரும் காட்ட முடியாது.

கல்லறை கிடைக்காதவருக்கு நீங்கள் லட்சக்கணக்கில் நினைவுச்சின்னம் செய்தீர்கள். எந்த மண்ணைவிட்டுப் போகச் சொல்லி அவர் முற்றுகை போட்டாரோ அந்த மண்ணின் பக்கத்திலேயே தொழிற்சாலை கட்டி, அவருடைய தலையை அச்சில் வார்த்து, ஒவ்வொரு வண்டியின் நெற்றியிலும் பதித்து, அதற்குள் பல்பும் வைத்தீர்கள். உலகத்தில் வேறெந்தத் தோற்றவருக்கும் வென்றவர்கள் இப்படி விளக்கேற்றியதில்லை.

உங்கள் கைராசியையும் சொல்ல வேண்டும். 1926-இல் ஓக்லண்ட் என்ற காருக்கு விலை குறைந்த தங்கையாகத்தான் ஜெனரல் மோட்டார்ஸ் பாண்டியாக்கைக் கொண்டுவந்தது. பேர் பக்கத்திலிருந்த பாண்டியாக் ஊரிலிருந்து வந்தது. ஊருக்கு அது அந்தத் தலைவரிடமிருந்து வந்தது. ஐந்தாறு வருஷத்தில் அக்காவின் பேர் அழிந்தது, தங்கை நின்றாள். பிறகு அந்தப் பேரின் கீழே ஒரு குடும்பமே பிறந்தது: சீஃப்டன், சூப்பர் சீஃப், ஸ்டார் சீஃப். மூன்றும் தலைவன் என்று சொல்லும் பேர்கள்தான். 1957-இல் பட்டியலைப் பார்த்தால் சீஃப்டன் விலை குறைந்தது, சூப்பர் சீஃப் நடுத்தரம், ஸ்டார் சீஃப் மேல்தரம். தலைமையை மூன்று விலையில் வாங்கும்படி செய்து கொடுத்தீர்கள்.

அதே சமயத்தில் புதிய நிர்வாகி வந்தார். இந்த வண்டி கிழவர்கள் ஓட்டுவது என்ற எண்ணத்தை மாற்ற வேண்டும், இளைஞர்கள் வர வேண்டும் என்றார். வெள்ளிக் கோடுகள் போயின, விளக்குத் தலையும் போயிற்று. சிவப்பு அம்புமுனை ஒன்று சின்னமாக மிஞ்சியது. கடைசியில் 2009-இல் பாண்டியாக்கையே மூடிவிடுவதாக ஜெனரல் மோட்டார்ஸ் அறிவித்தது. அறிவித்த தேதி ஏப்ரல் 27. எக்கோர்ஸ் ஆற்றங்கரையில் அவர் கூட்டம் போட்ட அதே தேதி. தெரிந்து வைத்திருக்க மாட்டீர்கள் என்றுதான் நம்புகிறேன்.

எங்கள் பக்கத்தில் பேர் வைப்பது என்றால் அதற்கு ஒரு முறை உண்டு. பேரன் என்ற சொல்லே பெயரன்தான். தாத்தாவின் பேரைத் தாங்குகிறவன். பேரை வாங்கிய பிள்ளையை மாமனார் பேர் சொல்லிக் கூப்பிட முடியாமல் 'பெரியவரே' என்று கூப்பிட்ட மருமகள்களை நான் பார்த்திருக்கிறேன். பையனைத் திட்ட வேண்டியிருந்தாலும் அந்தப் பேரைச் சொல்லித் திட்ட மாட்டார்கள். பேரை எடுத்துக்கொண்டால் அந்த வீட்டு நல்லது கெட்டதையும் சேர்த்து எடுத்துக்கொள்ள வேண்டும். இந்தத் தொல்லை எதுவும் இல்லாமல் ஒரு பேரை மட்டும் தனியாகக் கழற்றி எடுக்கத் தெரிந்தவர்கள் நீங்கள். கொய்யாவிலிருந்து விதையைப் பிரிப்பதைவிடக் கஷ்டமான வேலை அது.

காடில்லாக் விஷயத்தில் உங்கள் பொருத்தம் பார்க்கும் திறமைக்கு ஈடே இல்லை.

பிரான்சின் தெற்கே ஒரு சின்ன ஊரில் 1658-இல் பிறந்தவர் அந்துவான் லோமே. அப்பா உள்ளூர் நீதித்துறையில் வேலை பார்த்தவர், பிரபு அல்ல. அந்துவான் கடல் கடந்து போனார். 1687-இல் கியூபெக்கில் கல்யாணம் செய்தபோது பதிவேட்டில் தன் பேரை 'லா மோத், காடில்லாக் சீமையின் பிரபு' என்கிற தோரணையில் எழுதிக்கொண்டார். அப்பாவையும் பிரபுவாக்கி, துலூஸ் நகர உயர் மன்றத்தில் உட்கார வைத்தார். தன் ஊருக்குப் பக்கத்தில் இருந்த ஒரு நிஜப் பிரபுவின் குலச்சின்னத்தை எடுத்து மாற்றித் தன் சின்னமாக வைத்துக்கொண்டார். கடலுக்கு அந்தப் பக்கம் போய் யார் சரிபார்க்கப் போகிறார்கள்? 1701-இல் அவரே டெட்ராய்ட் கோட்டையை நிறுவினார். பிறகு லூசியானாவுக்கு ஆளுநர். அதற்கும் பிறகு பாரிசில் பாஸ்டீல் சிறையில் கொஞ்ச காலம்.

1902-இல் கம்பெனிக்கு இந்தப் பேரை வைத்தீர்கள். 1906-இல் அந்தக் குலச்சின்னத்தை முத்திரையாகப் பதிவு செய்தீர்கள். அலகும் காலும் இல்லாத குட்டிப் பறவைகள் அணிவகுக்கும் கேடயம். வம்சத்தை விலைக்கு வாங்க முடியாது என்று யாராவது சொன்னால், இந்தப் பானெட்டைக் காட்டலாம்.

இந்த இடத்தில் எனக்கு உண்மையிலேயே நெஞ்சு கனக்கிறது. ஏனென்றால் காடில்லாக்கை நடத்திய ஹென்றி லேலண்ட் ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு பிசகினாலும் ஒப்புக்கொள்ளாதவர். 1908-இல் இங்கிலாந்தில் புரூக்லாண்ட்ஸ் ஓட்டப் பாதையில் மூன்று காடில்லாக் கார்களை அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றினார்கள். பாகங்களை ஒன்றாகக் கொட்டிக் கலந்தார்கள். மறுபடி மூன்று கார்களாகப் பூட்டினார்கள். அரம் வைத்து ஒரு இடத்தையும் தேய்க்கவில்லை. மூன்றும் கிளம்பி ஓடின. அதற்காக டியூவர் கோப்பை கிடைத்தது. கைப்பிடி சுற்றாமல் மின்சாரத்தால் கிளம்பும் காரைக் கொண்டுவந்ததற்கு இன்னொரு முறையும் அந்தக் கோப்பை வந்தது. ஒவ்வொரு திருகும் அசலாக இருந்த கார் அது. அதற்குப் பொருத்தமாக, மிச்சம் இருந்த ஒரே இடத்தை அந்தப் பேராலும் முத்திரையாலும் நிரப்பினீர்கள்.

அந்தக் காருக்கு 1953-இல் வைத்த மாடல் பேர் எல்டொராடோ. பொன் பூசியவன் என்று அர்த்தம். கொலம்பியாவின் மலைமேல், குவாத்தவித்தா ஏரியில், மூயிஸ்கா மக்களின் புதுத் தலைவன் உடம்பெல்லாம் பொன் துகள் பூசித் தெப்பத்தில் போய் முழுக்குப் போடுவான் என்பது ஸ்பானியர்கள் காதுக்கு எட்டிய செய்தி. அவர்கள் அதை ஊராக்கினார்கள், பிறகு நாடாக்கினார்கள், தேடிப் போனார்கள். ஒருவரும் அங்கே போய்ச் சேரவில்லை. முதல் வருஷம் அந்தக் காரின் விலை 7,750 டாலர், விற்றது 532. கிடைக்காத ஊரின் பேரைக் கிடைக்காத விலைக்கு வைத்ததில் ஒரு நேர்மை இருக்கிறது.

பொன் தேடிப் போனவர்களையும் நீங்கள் விட்டுவிடவில்லை. 1928-இல் கிரைஸ்லர் கொண்டுவந்த டிசோட்டோவுக்குப் பேர் தந்தவர் ஹெர்னாண்டோ டி சோட்டோ. 1539-இல் ஃபுளோரிடாவில் அறுநூற்றுச் சொச்சம் ஆட்களோடு இறங்கினார். குதிரைகள் கொண்டுவந்தார், பன்றிகள் கொண்டுவந்தார், வேட்டை நாய்கள் கொண்டுவந்தார். பிடிபடப் போகிறவர்களுக்காக இரும்புச் சங்கிலியும் கழுத்து வளையமும் முன்கூட்டியே கொண்டுவந்தார். 1540 அக்டோபரில் மபிலா என்ற ஊரில் நடந்த சண்டையில் ஊர் எரிந்தது. செத்த பூர்வகுடிகள் ஆயிரக்கணக்கில். 1542-இல் மிசிசிப்பிக் கரையில் காய்ச்சலில் இறந்தார். தன்னைச் சூரியனின் மகன் என்று சொல்லிவைத்திருந்ததால், செத்தது வெளியே தெரியாமலிருக்க உடலைக் கனமேற்றி இரவில் ஆற்றில் தள்ளினார்கள். நீங்கள் அவரை ஆற்றடியிலிருந்து எடுத்து ரோட்டில் விட்டீர்கள். முதல் பன்னிரண்டு மாதத்தில் 81,065 கார்கள் விற்றன. புதிய பேர் ஒன்றுக்கு அதுவரை இல்லாத விற்பனை. 1950-களில் அதன் மாடல்கள் ஃபயர்டோம், ஃபயர்ஃப்ளைட். நெருப்பு என்ற சொல் என்ஜினைக் குறித்து வந்தது என்று தெரியும். மபிலாவைப் படித்த பிறகு என்னால் அப்படி மட்டும் படிக்க முடியவில்லை.

பிளிமத் பற்றி ஒரு வரி போதும். விவசாயிகள் கட்டுக் கட்டப் பயன்படுத்திய கயிற்றின் பேர் அது, அவர்களுக்கு நம்பிக்கையான பேர் என்பதால் காருக்கு வைத்தார்கள் என்று ஒரு கதை உண்டு. முத்திரையில் வைத்தது ஆங்கிலேயக் குடியேறிகளைக் கொண்டுவந்த மேஃப்ளவர் கப்பலை. கயிற்றைச் சொல்லிக் கப்பலைக் காட்டியது அழகான வேலை.

பேர் ஒன்றுக்குச் சொந்தக்காரர் உண்டு, அவரிடம் அனுமதி கேட்க வேண்டும், காசு கொடுக்க வேண்டும் என்ற சட்டம் உங்களுக்குத் தெரியாதது அல்ல. அந்தச் சட்டத்தை மதிக்கும் உங்கள் பழக்கத்தையும் நான் மனதாரப் பாராட்டுகிறேன். ஜெர்மனியில் முஸ்டாங் என்ற பேர் க்ரூப் கம்பெனியிடம் இருந்தது. ஃபோர்டு தன் முஸ்டாங்கை அங்கே டி-5 என்று விற்றது. 1969-இல் பாண்டியாக் தன் ஃபயர்பேர்டு ஒன்றுக்கு டிரான்ஸ் ஆம் என்று பந்தயத் தொடரின் பேரை எடுத்தபோது, பந்தயம் நடத்திய சங்கத்துக்குக் கார் ஒன்றுக்கு ஐந்து டாலர் கட்டியது. அந்தக் காரின் 6.6 லிட்டர் என்ஜின் அந்தப் பந்தயத்தில் ஓடவே முடியாத அளவு. ஐந்து லிட்டர்தான் அங்கே எல்லை. ஓடாத பந்தயத்துக்கும் காசு கட்டிய கை அது. க்ரூப்பிடம் பத்திரம் இருந்தது. பந்தயச் சங்கத்திடம் வக்கீல் இருந்தார். எக்கோர்ஸ் ஆற்றங்கரையில் கூடியவர்களின் பேரப்பிள்ளைகள் மிச்சிகனில் இன்றும் இருக்கிறார்கள்.

ஃபெராரியிடம் எடுத்தது வேறு கதை. 1962-இல் இத்தாலியில் 250 ஜி.டி.ஓ. வந்தது. கடைசி எழுத்தான ஓ, பந்தய விதிப்படி அங்கீகாரம் பெற்றது என்பதைக் குறிக்கும் சொல்லின் முதல் எழுத்து. மொத்தமே 36 கார்கள். அடுத்து 1964-இல் பாண்டியாக் தன் டெம்பெஸ்ட் காரில் பெரிய என்ஜினைப் பூட்டி ஜி.டி.ஓ. என்றது. எந்தப் பந்தயக் குழுவும் அங்கீகரிக்கவில்லை; தேவையும் படவில்லை. முதல் வருஷமே 32,450 விற்றன. நல்ல கார்தான், சொல்லிவிடுகிறேன். அதைக் கிளப்பிப் பார்த்தவர்கள் அந்தச் சத்தத்தை மறப்பதில்லை. அங்கீகாரத்தை வாங்கித் தர வேண்டிய கார் அல்ல அது. தன் பேரிலேயே நின்றிருக்கும்.

பேர் எடுப்பதில் நீங்கள் ஊரார் என்றும் உறவினர் என்றும் பார்த்ததில்லை என்பதற்கு எட்செல் சாட்சி. ஃபோர்டு தன் புதுக் காருக்குப் பேர் தேடி மரியான் மூர் என்ற கவிஞரிடமே 1955-இல் கேட்டது. அவரும் மனதுவைத்து எழுதி அனுப்பினார். கற்பனை நாட்டு ஆமைக்கூரை என்று பொருள்படும் ஒன்று, புத்திசாலித் திமிங்கிலம் என்று ஒன்று. விளம்பரக் கம்பெனி ஆயிரக்கணக்கான பேர்களைக் குவித்தது. எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு, குடும்பத்துக்கு விருப்பமில்லாத ஒரு பேரை, அந்தப் பேருக்கு உரியவரின் மூத்த மகன் ஊரில் இல்லாத நாளில் நடந்த கூட்டத்தில் எடுத்தீர்கள்: எட்செல், ஹென்றி ஃபோர்டின் ஒரே மகன்.

எட்செல் ஃபோர்டு 1943-இல் நாற்பத்தொன்பது வயதில் இறந்தவர். பிடிவாதக்கார அப்பாவின் நிழலில் கம்பெனித் தலைவராக இருபத்து நாலு வருஷம் இருந்தவர். லிங்கன் கான்டினென்டலின் அழகு அவர் கண்ணில் பிறந்தது. டியேகோ ரிவேரா டெட்ராய்ட் கலைக்கூடச் சுவர்களில் தொழிலாளிகளைத் தீட்டியபோது பணம் கொடுத்தவர் அவர். படங்களைச் சுண்ணாம்படித்து மறைக்கச் சொல்லி ஊரில் கூச்சல் எழுந்தபோது அசையாமல் நின்றவரும் அவர். அந்த மனிதரின் பேரைக் குதிரைக் கழுத்துப்பட்டை போன்ற மூக்குள்ள ஒரு காருக்கு வைத்து 1957 செப்டம்பரில் இறக்கினீர்கள். 1959 நவம்பரில் நிறுத்தினீர்கள். நஷ்டம் சுமார் 25 கோடி டாலர் என்பார்கள். அதற்குப் பிறகு எட்செல் என்றால் ஆங்கிலத்தில் படுதோல்வி என்று அர்த்தமாகிவிட்டது. நாற்பத்தொன்பது வருஷம் ஒரு மனிதர் சேர்த்துவைத்ததை இரண்டே வருஷத்தில் எல்லோருக்கும் மறக்கடிக்க முடிந்தது உங்களால்.

கனடாவில் விற்ற காருக்கு அகாடியன் என்று வைத்தார்கள். 1755-இல் ஆங்கிலேயர்கள் வீடுகளுக்குத் தீவைத்து ஊரைவிட்டுக் கப்பலேற்றிய மக்களின் பேர். சரக்கு வண்டிக்கு அப்பாச்சி, செயேன். பட்டியல் நீளும். நான் ஜீப் செரோக்கீக்கு வருகிறேன், ஏனென்றால் அது இன்னும் முடியவில்லை.

செரோக்கீகள் தங்களுக்கென்று எழுத்து செய்துகொண்ட மக்கள். எழுதப் படிக்கத் தெரியாத வெள்ளி வேலைக்காரர் செக்கோயா, தம் மொழியின் அசைகளை ஒவ்வொன்றாகக் காதால் பிரித்து, 1821-இல் ஒரு முழு எழுத்து முறையைக் கொண்டுவந்தார். சில வருஷத்துக்குள் அந்த மக்களில் பெரும்பாலோர் அதில் படித்தார்கள். 1827-இல் தங்களுக்கு அரசமைப்பு எழுதினார்கள். 1828-இல் தங்கள் எழுத்திலேயே பத்திரிகை அச்சடித்தார்கள். 1830-இல் அமெரிக்க நாடாளுமன்றம் அவர்களை மேற்கே அகற்றச் சட்டம் போட்டது. உச்ச நீதிமன்றம் 1832-இல் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொல்லியும் நிற்கவில்லை. 1838-இல் பட்டாளம் வந்து வீடு வீடாக வெளியேற்றியது. ஏறக்குறைய 16,000 பேர் நடந்தார்கள். வழியில் சுமார் 4,000 பேர் செத்தார்கள் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு.

1974-இல் ஜீப்புக்கு இந்தப் பேர் வந்தது. எந்த வழியிலும் போகும், எதையும் தாங்கும் வண்டி என்பது எண்ணம். தாங்கினார்கள் என்பது சரிதான். 1984-இல் வந்த சதுர உடம்புச் செரோக்கீயை இன்று பழைய கார்ப் பிரியர்கள் கொண்டாடுகிறார்கள், நானும் கொண்டாடுவேன். அளவான உடம்பு, அசைக்க முடியாத ஆறு சிலிண்டர். அமெரிக்காவில் 2001-க்குப் பிறகு அந்த இடத்தில் வந்த வண்டிக்கு லிபர்ட்டி, சுதந்திரம் என்று பேர். சுமார் பதினோரு வருஷம் சுதந்திரம் ஓடியது. 2013-இல் அதன் இடத்தில் மறுபடி செரோக்கீ என்று வைத்தீர்கள்.

2021 பிப்ரவரியில் செரோக்கீ நேஷனின் முதன்மைத் தலைவர் சக் ஹோஸ்கின் ஜூனியர் வாயைத் திறந்து சொன்னார். எங்கள் பேரை வண்டியின் பக்கத்தில் ஒட்டுவது எங்களுக்குக் கௌரவம் அல்ல, விட்டுவிடுங்கள் என்ற பொருளில் சொன்னார். கௌரவிக்கத்தான் வைத்தோம் என்று அத்தனை வருஷமும் சொன்ன உங்களுக்கு, கௌரவம் பெற்றவரே பதில் சொன்ன அபூர்வமான சந்தர்ப்பம் அது. பாண்டியாக்கால் முடியாதது, எட்செலால் முடியாதது. 2023-இல் செரோக்கீ தயாரிப்பு நின்றது. 2025-இல் புதிய வண்டி வந்தது, செரோக்கீ என்ற பேரோடு.

செக்கோயாவின் எழுத்தில் அந்த மக்கள் தங்கள் பேரை எழுத மூன்றே எழுத்து போதும். வாயால் சொன்னால் ட்சலகி என்று ஒலிக்கும். புதிய வண்டியிலும் இருப்பது ஆங்கில எழுத்துகள்தான்.